காணாத பல்சர்களை எண்ணுவது எப்படி?

பல்சர் என்பது வெடித்துச் செத்த பெருவிண்மீனின் எச்சமாக, சுழன்றபடி ரேடியோத் துடிப்புகளை வீசும் நியூட்ரான் விண்மீன். கேள்வி இதுதான்: இதுவரை கண்டுபிடித்த பல்சர்களைப் பால்வீதியின் படத்தில் புள்ளி புள்ளியாக வைத்துப் பார்த்தால், பெரும்பாலானவை சூரியன் இருக்கும் பக்கமே குவிந்துகிடக்கின்றன. மையத்துக்கு அப்பால் ஏறக்குறைய வெறுமை. அப்படியிருக்க, பால்வீதி முழுவதும் அவை எப்படிப் பரவியிருக்கின்றன என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? கணக்கா, ஊகமா?

கணக்குதான். ஆனால் அதில் பாதிதான் பல்சர்களைப் பற்றிய கணக்கு. மறுபாதி, நம் தொலைநோக்கிகளுக்கு எதெல்லாம் தெரியாமல் போகிறது என்பதைப் பற்றியது. இந்த மறுபாதியைத்தான் பொதுவாக எழுதுபவர்கள் விட்டுவிடுகிறார்கள். அதனால் 'பால்வீதியில் ஒன்றரை லட்சம் பல்சர்கள்' என்ற ஒற்றை எண் மட்டும் வாசகரிடம் வந்து சேர்கிறது. அது எங்கிருந்து வந்தது என்பது வருவதில்லை. அதையே இங்கு சொல்லப் பார்க்கிறேன்.

இன்று நமக்குத் தெரிந்த பல்சர்கள் 3,500க்கும் மேல். சூரியனிலிருந்து பால்வீதியின் மையம் ஏறக்குறைய 27,000 ஒளியாண்டு. பல்சர்கள் பெருவிண்மீன்கள் வெடித்துச் சாகும்போது (சூப்பர்நோவா என்பது இந்த வெடிப்புதான்) பிறப்பவை; பெருவிண்மீன்கள் மையத்தை நோக்கிய பகுதிகளில்தான் அதிகம். ஆகவே நம்மைச் சுற்றிக் குவியல் இருக்க எந்தக் காரணமும் இல்லை. படத்தில் தெரியும் குவியல் பல்சர்களின் குவியல் அன்று, நம் பார்வையின் எல்லை. அந்த எல்லையை அளந்து கழித்தால்தான் உண்மையான பரவல் கிடைக்கும்.

முதல் சிக்கல் தூரம். வானத்தில் ஒரு பல்சர் எந்தத் திசையில் இருக்கிறது என்பதை மிகத் துல்லியமாகச் சொல்லிவிடலாம். எவ்வளவு தொலைவில் என்பதுதான் கடினம். இதற்கு இயற்கையே ஒரு வழி வைத்திருக்கிறது. விண்மீன்களுக்கு நடுவே உள்ள வெளி வெற்றிடம் அல்ல. அங்கே கட்டற்ற எலக்ட்ரான்கள் மிக மெல்லியதாகப் பரவியிருக்கின்றன. ரேடியோ அலை அவற்றினூடே வரும்போது, தாழ்ந்த அதிர்வெண் சற்றுத் தாமதமாக வந்து சேர்கிறது. பல்சரின் ஒரே துடிப்பு 1.5 கிகாஹெர்ட்ஸில் முதலில் கேட்கும், 1.2 கிகாஹெர்ட்ஸில் பிறகு கேட்கும். வழியில் இருந்த எலக்ட்ரான்களின் மொத்தக் கணக்கைப் பிரிகை அளவு என்பார்கள், சுருக்கமாக டிஎம். டிஎம் 100 என்றால் மேற்சொன்ன இரண்டு அதிர்வெண்களுக்கும் இடையே தாமதம் சுமார் 104 மில்லிவினாடி. ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு! அதை அளப்பது சுலபம்.

தாமதத்திலிருந்து டிஎம் கிடைத்துவிட்டது. அதைத் தூரமாக்க, ஒரு கன சென்டிமீட்டரில் எத்தனை எலக்ட்ரான்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். சராசரியாக 0.03 என்று வைத்தால் டிஎம் 100 என்பது ஏறக்குறைய 3,300 பார்செக் (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு), அதாவது 11,000 ஒளியாண்டுக்குச் சற்றுக் குறைவு. 1967இல் கேம்பிரிட்ஜில் ஜோசலின் பெல் முதல் பல்சரைக் கண்டபோது, அதை அறிவித்த கட்டுரையிலேயே இந்த முறையில் தூரம் சொல்லியிருந்தார்கள். எலக்ட்ரான் அடர்த்தியை 0.2 என்று வைத்ததால் சுமார் 65 பார்செக் என்று வந்தது. அதே அளவீட்டில் இன்றைய சராசரியைப் போட்டால் 400 பார்செக்கைத் தாண்டிவிடும். துடிப்பை அளந்ததில் பிழையில்லை. இடைவெளியைப் பற்றிய அனுமானம்தான் தூரத்தை ஆறு மடங்கு சுருக்கிவிட்டது.

சராசரியை நம்புவதும் ஆபத்து. வேலா பல்சரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் டிஎம் 68. சராசரிக் கணக்குப்படி அது 2,200 பார்செக்குக்கு அப்பால் இருக்க வேண்டும். ஆனால் பூமி சூரியனைச் சுற்றும்போது அதன் தோற்ற இடம் மிக நுண்ணிய அளவில் மாறுவதை, ஒன்றுக்கொன்று வெகு தூரத்தில் உள்ள ரேடியோ தொலைநோக்கிகளை இணைத்து அளந்தார்கள். 2003இல் வந்த விடை 287 பார்செக். எட்டு மடங்கு அருகில்! காரணம், அந்தத் திசையில் கம் நெபுலா என்ற மாபெரும் அயனி மேகம் இருக்கிறது. எலக்ட்ரான்கள் அங்கே அடர்ந்து கிடக்கின்றன. வேலாவுக்கு நேரடி அளவீடு இருந்ததால் தப்பித்தோம். அத்தகைய அளவீடு இல்லாத பல்சர்கள்தான் மிகப் பெரும்பான்மை.

எனவே ஒரே சராசரியை விட்டுவிட்டு, பால்வீதியின் எலக்ட்ரான்களுக்கே ஒரு வரைபடம் செய்தார்கள்: மெல்லிய தட்டு, தடித்த தட்டு, சுருள் கைகள், கம் நெபுலா போன்ற தனி மேகங்கள் என்று பகுதி பகுதியாக. 1993இல் டெய்லரும் கோர்ட்ஸும் ஒன்று தந்தார்கள். பிறகு கோர்ட்ஸும் லாசியோவும் செய்த என்ஈ2001, அதன் பின் யாவ், மான்செஸ்டர், வாங் மூவரும் செய்த ஒய்எம்டபிள்யூ16. கடைசியாகச் சொன்னதை, வேறு வழியில் தூரம் தெரிந்த 189 பல்சர்களைக் கொண்டு சரிபார்த்தார்கள். அந்த எண்ணைக் கவனியுங்கள். ஆயிரக்கணக்கான பல்சர்களின் தூரம் இருநூறுக்கும் குறைவான பல்சர்களின் தோளில் நிற்கிறது. அவற்றிலும் பல நம் அருகில் இருப்பவை. பிறகு இந்த முடிச்சுக்குத் திரும்பி வருகிறேன்.

தூரம் ஒருவாறு தெரிந்தது என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது, எவையெல்லாம் நம் கண்ணில் படவில்லை? பல்சர்கள் மிக மங்கலானவை, தூரம் இரட்டித்தால் நமக்கு வரும் அலை நான்கில் ஒன்றாகும். இது எல்லா விண்பொருளுக்கும் பொது. பல்சருக்கென்றே உள்ள இடைஞ்சல்கள் வேறு. அதன் ரேடியோ அலை ஒரு கலங்கரை விளக்கின் கற்றைபோல் சுழல்கிறது; கற்றை பூமியைத் தொடாவிட்டால் அந்தப் பல்சர் எத்தனை அருகில் இருந்தாலும் நமக்கு இல்லை. டாரிஸும் மான்செஸ்டரும் 1998இல் செய்த கணக்குப்படி, ஒரு வினாடிக்கு ஒரு முறை சுழலும் பல்சரின் கற்றை நம்மைத் தொட வாய்ப்பு நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு. வேகமாகச் சுழலும் இளம் பல்சர்களுக்குக் கற்றை அகலம். பத்தில் ஒரு வினாடிக் கால அளவென்றால் வாய்ப்பு ஏறக்குறைய நாற்பது விழுக்காடு. ஆக, ஒரு முதிய பல்சரைக் கண்டால் அதன் பின்னால் நமக்குத் தெரியாத எட்டு, ஒன்பது பல்சர்கள் நிற்கின்றன என்று பொருள்.

இன்னொன்று சிதறல். வழியில் உள்ள எலக்ட்ரான் மேகங்கள் ஒரே சீராக இல்லாமல் கொந்தளிப்பாக இருப்பதால், அலை பல வழிகளில் வளைந்து வந்து சேர்கிறது. கூர்மையான துடிப்புக்கு வால் முளைக்கிறது. அந்த வால் சுழற்சிக் காலத்தைவிட நீண்டுவிட்டால், துடிப்பே கரைந்துபோய்ச் சமமான இரைச்சலாகிவிடும். பிரிகையைக் கணினியில் திருத்தலாம், சிதறலைத் திருத்த முடியாது. தப்பிக்க ஒரே வழி உயர்ந்த அதிர்வெண்: அதிர்வெண்ணை இரட்டித்தால் சிதறல் ஏறக்குறைய பதினாறில் ஒன்றாகும். பால்வீதியின் பின்னணி ரேடியோ இரைச்சலும் அப்படியே விழுகிறது. 400 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1,400க்குப் போனால் 25 மடங்குக்கு மேல் குறையும். பல்சரும் மங்கும்தான், ஆனால் ஆறேழு மடங்கே. இந்தக் கொடுக்கல் வாங்கல் லாபமானது என்று காட்டியது ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கி. 1997இல் அதில் ஒரே நேரத்தில் வானின் 13 இடங்களைக் கேட்கும் ஏற்பியைப் பொருத்தி, 1,374 மெகாஹெர்ட்ஸில், பால்வீதித் தளத்தின் ஒவ்வொரு திட்டையும் 35 நிமிடம் உற்றுக் கேட்டார்கள். 800க்கும் மேற்பட்ட புதிய பல்சர்கள் கிடைத்தன. மக்கள்தொகைக் கணக்குக்கு இந்தக் கணக்கெடுப்பே இன்றுவரை முதுகெலும்பு என்பேன். எண்ணிக்கையைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு: எங்கே தேடினார்கள், எவ்வளவு நேரம், எவ்வளவு மங்கலானது வரை என்பதெல்லாம் ஒரே சீராகப் பதிவாகியிருக்கிறது. பல பேர் பலவிதமாகத் தேடிச் சேர்த்த பட்டியலை வைத்து இந்த வேலையைச் செய்ய முடியாது.

இனித் திருத்தும் முறை. பழைய வழி, ஒவ்வொரு பல்சருக்கும் ஒரு எடை கொடுப்பது. ஓர் எளிய கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம்மை வந்தடையும் ரேடியோ அலையின் வலிமையை மில்லிஜான்ஸ்கி என்ற அலகில் அளப்பார்கள். நம் கருவி 0.2 மில்லிஜான்ஸ்கி வரை கேட்கும் என்று கொள்வோம். ஒரு கிலோபார்செக் (ஆயிரம் பார்செக்) தூரத்தில் வைத்தால் 1 மில்லிஜான்ஸ்கி தரும் பல்சர் ஒன்று இருக்கிறது. அது ஐந்து மடங்கு மங்கும் வரை, அதாவது சுமார் 2.2 கிலோபார்செக் வரைதான் நமக்குக் கேட்கும். அந்த ஆரம் கொண்ட வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 16 சதுர கிலோபார்செக். பால்வீதித் தட்டை 15 கிலோபார்செக் ஆரம் கொண்டதாக எடுத்தால் அதன் பரப்பு 700க்குச் சற்று மேல். ஆக, நாம் கண்ட அந்த ஒரு மங்கலான பல்சர் 45 பல்சர்களின் பிரதிநிதி. கற்றைக்காகப் பத்தால் பெருக்கினால் 450! அதே இடத்தில் நூறு மடங்கு பிரகாசமான பல்சர் இருந்தால், 22 கிலோபார்செக் வரை தெரியும். தட்டின் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிடும். அதன் எடை கிட்டத்தட்ட ஒன்றுதான், கற்றைக்காகப் பெருக்க வேண்டியது மட்டும் மிச்சம். 1981இல் விவேகானந்தும் ரமேஷ் நாராயணும் இந்த எடை முறையைப் பல்சர்களின் பிறப்பு விகிதத்துக்குக் கொண்டுபோனது இத்துறையின் முக்கியத் திருப்பங்களில் ஒன்று.

முறையின் பலவீனமும் அந்தக் கணக்கிலேயே தெரிகிறது. மொத்தம், கையளவு மங்கலான பல்சர்களை நம்பியிருக்கிறது. அவற்றில் ஒன்றின் தூரம் தவறினால் நூற்றுக்கணக்கான பல்சர்கள் தோன்றும், அல்லது மறையும். மிக மங்கலான ஒரு வகை பட்டியலுக்குள் வரவே இல்லையென்றால் அதற்கு எந்த எடையைக் கொடுப்பது? பூஜ்யத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்யம்தான்.

அதனால் இப்போது தலைகீழாகச் செய்கிறார்கள். கணினியில் ஒரு பொய்ப் பால்வீதியை உருவாக்குவது. மையத்திலிருந்து தூரம் கூடக் கூட அடர்த்தி எப்படி மாறுகிறது, தளத்துக்கு மேலும் கீழும் எவ்வளவு தடிமன், சுழற்சிக் காலம், ஒளிர்வு எல்லாவற்றுக்கும் ஒரு பரவலை ஊகித்து, பல்சர்களை ஒவ்வொன்றாக விதைக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் கற்றை பூமியைத் தொடுகிறதா என்று பகடை உருட்டுகிறார்கள். தொட்டால், எலக்ட்ரான் வரைபடத்தின் வழியே அதன் டிஎம், சிதறல் வால், பின்னணி இரைச்சல் எல்லாவற்றையும் கணக்கிட்டு, பார்க்ஸ் தொலைநோக்கி அதே 35 நிமிடத்தில் இதைக் கண்டுபிடித்திருக்குமா என்று கேட்கிறார்கள். ஆம் என்று வருபவை, உண்மைக் கணக்கெடுப்பில் கிடைத்த எண்ணிக்கையை எட்டும் வரை விதைப்பு தொடரும். பிறகு பொய்ப் பட்டியலையும் மெய்ப் பட்டியலையும் ஒப்பிடுவது. டிஎம் பரவல் பொருந்துகிறதா? வானத்தில் எந்தத் தீர்க்கரேகையில் எத்தனை? பொருந்தாவிட்டால் ஊகத்தைத் திருத்தி மறுபடி முதலிலிருந்து. பிஎஸ்ஆர்பாப்பை என்ற இலவச மென்பொருளில் இதை யாரும் செய்து பார்க்கலாம்.

இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் நேர்மை. நம் குறையை மறைக்காமல், அதே குறையைப் பொய்ப் பால்வீதியின் மீதும் சுமத்திவிட்டு, இரண்டையும் சம நிலையில் நிறுத்தி ஒப்பிடுகிறது.

விடைக்கு வருவோம். 2006இல் டங்கன் லோரிமரும் உடனிருந்தவர்களும் 1,008 பல்சர்களை வைத்துச் செய்த கணக்கில், குறிப்பிட்ட ஒளிர்வுக்கு மேல் உள்ளவற்றில் நம்மை நோக்கிக் கற்றை வீசுபவை சுமார் 30,000 என்று வந்தது. கற்றைத் திருத்தம் சேர்த்தால் சுமார் 1,55,000. ஆரத்தோடு அடர்த்தி மாறும் விதம் ஓர் ஒழுங்கான வளைவு: மையத்தில் குறைவு, 3.2 கிலோபார்செக், அதாவது பத்தாயிரம் ஒளியாண்டுக்குச் சற்று மேல் உச்சம், அதன்பின் வெளிநோக்கிச் சரிவு. யூசிஃபோவும் கூச்சுக்கும் 2004இல் வேறு வழியில் வந்து சேர்ந்த உச்சமும் அதே இடம்தான்.

இங்கேதான் முன்பு சொன்ன முடிச்சு. அந்த 3.2 கிலோபார்செக் உச்சம் உண்மையிலேயே பல்சர்களுடையதா? எலக்ட்ரான் வரைபடத்தை மாற்றினால் வளைவின் வடிவமும் மாறுகிறது. லோரிமர் குழுவே இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. உட்பகுதியில் எலக்ட்ரான்கள் அடர்த்தி என்று வரைபடம் சொன்னால், அந்த டிஎம் அளவுக்கு அலை குறைந்த தூரம் வந்தாலே போதும். எனவே பல்சர்கள் நம் பக்கம் இழுக்கப்பட்டு, வரைபடத்தில் எலக்ட்ரான்கள் வளையமாக அடர்ந்திருக்கும் இடத்திலேயே போய்க் குவியும். எலக்ட்ரான் வளையத்தை நாமே வரைந்துவிட்டு அதன் நிழலைப் பல்சர் வளையம் என்று படிக்கும் அபாயம் இருக்கிறது. இரண்டு ஆய்வுகளும் ஒரே உச்சத்தைச் சொல்வதால் நிம்மதியடைய வேண்டாம்; இரண்டும் ஒரே எலக்ட்ரான் வரைபடத்தைச் சாய்ந்து நின்றால் ஒரே விடை வருவதில் வியப்பில்லை. மையத்துக்கு அருகே அடர்த்தி உண்மையாகவே குறைகிறது என்று யாராவது உறுதியாகச் சொன்னால், எந்த மாதிரியில் என்று கேட்டுவிட்டு நம்புங்கள். வெளிநோக்கிய சரிவை மட்டும் தாராளமாக ஏற்கலாம். பெருவிண்மீன்களும் சூப்பர்நோவா எச்சங்களும் அதே போக்கைக் காட்டுகின்றன.

மொத்தத்தைச் சோதிக்க ஒரு வெளிச் சாட்சி உண்டு. பல்சர்கள் சூப்பர்நோவாவில் பிறப்பவை என்பதால், பல்சர் பிறப்பு சூப்பர்நோவா எண்ணிக்கையை மீறக் கூடாது. லோரிமர் குழுவின் கணக்கில் நூறாண்டுக்கு 1.4 பல்சர். அதே 2006இல் ஃபோஷே-கிகேரும் காஸ்பியும் சொன்னது 2.8. அலுமினியம்-26 என்ற கதிரியக்கத் தனிமத்தின் காமாக் கதிர்களிலிருந்து கிடைத்த சூப்பர்நோவா விகிதம் நூறாண்டுக்குச் சுமார் 1.9, அதிலும் ஏறக்குறைய ஒன்று கூடலாம், குறையலாம். மூன்றும் ஒரே அளவில் நிற்பதே பெரிய விஷயம்.

குறுக்குவெட்டில் தடிமன் தனிக் கதை. பல்சர்களைப் பெறும் பெருவிண்மீன்கள் பால்வீதித் தளத்தை ஒட்டி ஐம்பது, நூறு பார்செக்குக்குள் வாழ்பவை. பல்சர்களோ முந்நூறு பார்செக்குக்கு மேலும் தாராளமாகப் பரவியிருக்கின்றன. பிறக்கும்போதே உதை வாங்கிக் கிளம்புவதுதான் காரணம்: வெடிப்பு சமச்சீராக இல்லாததால் சராசரியாக வினாடிக்கு 400 கிலோமீட்டர் வேகம். வினாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்பது பத்து லட்சம் ஆண்டில் ஏறக்குறைய ஒரு பார்செக் என்று நினைவில் வைத்தால் போதும். அத்தகைய பல்சர் தளத்துக்குச் செங்குத்தாகக் கிளம்பினால் பத்து லட்சம் ஆண்டில் 400 பார்செக் உயரத்தில் நிற்கும். அதன் ரேடியோ வாழ்வு ஒரு கோடி ஆண்டு அளவில். பி1508+55 என்ற பல்சர் வினாடிக்கு ஏறக்குறைய 1,100 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. பால்வீதியின் ஈர்ப்பு அதைத் திரும்பப் பிடிக்காது. இப்படி ஓடியவை, தளத்தை ஒட்டி மட்டும் தேடும் கணக்கெடுப்பில் அகப்படுவதில்லை. அதனால் தடிமனைப் பற்றி அந்தக் கணக்கெடுப்பால் மட்டும் எதுவும் முடிவு செய்யக் கூடாது.

மையத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே பல்சர்கள் நிறைய இருக்க வேண்டும், சிதறல்தான் மறைக்கிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். 2013இல் மையக் கருந்துளைக்கு வானில் வெகு அருகே, 3.76 வினாடிக்கு ஒரு முறை சுழலும் காந்த நியூட்ரான் விண்மீன் ஒன்று கண்ணில் பட்டது. டிஎம் 1,778! ஆனால் அதன் சிதறல் வால் முன்பு கணித்ததைவிட மிக மிகக் குறைவு. மறைப்பு அவ்வளவு மோசமில்லை என்றால் மற்றவை எங்கே? இன்னும் திறந்தே கிடக்கும் கேள்வி இது.

மில்லிவினாடிப் பல்சர்களை இதுவரை சொன்ன கணக்கில் சேர்க்கவில்லை. அவை துணை விண்மீனிடமிருந்து பொருளை வாங்கி வேகமெடுத்தவை, பல நூறு கோடி ஆண்டுகள் வாழ்பவை, தளத்தைவிட்டு நன்றாகப் பரவியவை. அவற்றுக்குத் தனிக் கணக்கு வேண்டும்.

நீங்களே செய்து பார்க்க நினைத்தால், ஆஸ்திரேலியாவின் ரேடியோ வானியல் அமைப்பான ஏடிஎன்எஃப் வைத்திருக்கும் பல்சர் பட்டியல் இணையத்தில் இலவசம். முழுப் பட்டியலையும் அள்ளிப் படம் போடாதீர்கள். பார்க்ஸ் கணக்கெடுப்பில் பிடிபட்டவற்றை மட்டும் எடுங்கள். கோள விண்மீன் கொத்துகளில் உள்ளவற்றையும், 30 மில்லிவினாடிக்கும் குறைந்த காலம் கொண்டவற்றையும் நீக்குங்கள். பிறகு ஒவ்வொரு பல்சரின் தூரத்தையும் என்ஈ2001, ஒய்எம்டபிள்யூ16 இரண்டிலும் கணக்கிட்டு, ஒன்றன்மேல் ஒன்றாகக் குறியுங்கள். ஒரே பல்சரின் இரண்டு புள்ளிகளையும் ஒரு கோட்டால் இணையுங்கள். எல்லாக் கோடுகளும் சூரியனை நோக்கியே கிடக்கும், ஏனென்றால் திசையில் ஐயமில்லை. உட்பகுதியில் அவை எவ்வளவு நீளம் என்று பாருங்கள்.